'என்கிற' என்றொரு கட்டம்

போன மாதம் ஒன்பது நாள் நான் என் பெயரை நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

மொழிபெயர்ப்பு என் தொழில். மன்னார்குடியில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து மருத்துவப் படிவங்களையும் ஒப்பந்தங்களையும் தமிழாக்குகிறேன். வேலை தருகிறவர்கள் யாரையும் நேரில் பார்த்ததில்லை. அவர்கள் என்னைப் பார்ப்பதும் ஓர் இணையதளத்தில் இருக்கும் என் சுயவிவரப் பக்கத்தில்தான். அந்தத் தளத்திலிருந்து ஒரு நாள் கடிதம் வந்தது: அரசு அடையாள அட்டையைக் காட்டிப் பெயரைச் சரிபார்த்துக்கொண்டவர்களுக்கு மட்டும்தான் இனிமேல் புது வேலைகள் காட்டப்படும்.

படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ என் தன்விவரக் குறிப்பை அப்படியே எடுத்து, மின்னஞ்சல் முகவரியை மட்டும் மாற்றி, என் பெயரில் வேலை வாங்கியிருந்தார்கள். "நீங்கள் அனுப்பியது இயந்திரத்தில் போட்டு எடுத்த மொழிபெயர்ப்பு" என்று முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தபோதுதான் விஷயமே தெரிந்தது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்தத் திருட்டு புதிதில்லை. கூட்டாகச் சேர்ந்து திருடர்களின் பட்டியலை வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பழகிய தொல்லை. ஆகவே 'நான்தான் நான்' என்று காட்ட ஒரு வழி கிடைத்தால் முதல் ஆளாக நிற்பேன். அப்படித்தான் நின்றேன்.

முதலில் ஆதாரைக் கொடுத்தேன். பெயர் பொருந்தவில்லை என்றது. பான் அட்டையைக் கொடுத்தேன், பொருந்தவில்லை. கடைசியாகப் பாஸ்போர்ட். அதுவும் பொருந்தவில்லை என்றதோடு, மூன்று முறை தவறியதால் கணக்கை நிறுத்திவைத்திருக்கிறோம் என்றும் வந்தது.

மூன்றும் என்னுடையவை. மூன்றும் அரசாங்கம் தந்தவை. மூன்றிலும் இருப்பது என் முகம்.

பிறகுதான் இந்த மூன்றோடு பள்ளிச் சான்றிதழையும் சேர்த்து மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். பள்ளிச் சான்றிதழில் நான் கோ. தமிழ்ச்செல்வி. கோ என்றால் கோவிந்தன், என் அப்பா. ஆங்கிலத்தில் 'ஜி' முன்னால், பெயர் பின்னால். கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டில் யாரும் என்னைக் கேட்காமலே தலைப்பெழுத்து மாறியது. வீட்டுக்காரர் பெயர் சங்கர், அதனால் ச. அந்தக் கார்டைக் காட்டித்தான் ஆதார் எடுத்தேன். ஆதாரில் தமிழ்ச்செல்வி முன்னால், 'எஸ்' பின்னால். பான் அட்டைக்கு விண்ணப்பித்தபோது தலைப்பெழுத்தே கூடாது, விரித்து எழுத வேண்டும் என்றார்கள். அப்பாவின் முழுப்பெயர் குடும்பப்பெயரின் இடத்தில் போய் உட்கார்ந்தது. பாஸ்போர்ட்டிலும் அப்படியே. ஆனால் அங்கே 'ழ'வுக்கு இசட்டும் எச்சும் போட்டிருக்கிறார்கள். பள்ளிச் சான்றிதழில் அதே 'ழ' வெறும் 'எல்'. ஆதாரில் 'தமிழ்' தனியாகவும் 'செல்வி' தனியாகவும் நிற்கின்றன.

இவை போதாதென்று அந்தத் தளத்தில் இருந்த என் பெயர் வேறு. பத்து வருடத்துக்கு முன்னால் பதிந்தபோது 'கடைசிப் பெயர்' கட்டத்தில் 'ஜி' என்று அடித்தேன். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்றது. காலியாக விட்டேன், நிரப்பாமல் மேலே போக முடியாது என்றது. கடைசியில் என் பெயரையே இரண்டு கட்டத்திலும் அடித்தேன். தமிழ்ச்செல்வி தமிழ்ச்செல்வி. இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் இதையே செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். முருகன் முருகன், கவிதா கவிதா என்று எத்தனை பேரை நான் இணையத்தில் பார்த்திருக்கிறேன்!

நமக்குக் குடும்பப்பெயர் இல்லாதது ஒரு குறை அல்ல. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்த மண்ணில் பெயருக்குப் பின்னால் வால் இருந்த காலம் உண்டு. அந்த வால் பெரும்பாலும் சாதி. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். தலைமை தாங்கிய சௌந்தரபாண்டியன் 'நாடார்' பட்டத்தை விட்டவர். அதன் பிறகு இரண்டு மூன்று தலைமுறையில் தமிழ்நாட்டின் தெருப்பலகைகளிலிருந்தும் வருகைப் பதிவேடுகளிலிருந்தும் அந்த வால்கள் பெருமளவு உதிர்ந்தன. சாதி போய்விடவில்லை, அது வேறு கதை. ஆனால் முகம் தெரியாத ஒருவர் என் பெயரைப் படித்த மாத்திரத்தில் என் சாதியைத் தெரிந்துகொள்ள முடியாது. பின்னால் ஒன்றுமில்லாமல் நிற்கும் பெயர் நாம் போராடிப் பெற்றது. அந்த இடம்தான் இன்று 'கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்' என்று சிவப்பு நட்சத்திரத்தோடு நம்மைக் கேட்கிறது.

அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டால் என்ன ஆகிறது என்பதற்குச் சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த் போதும். உலகம் அவரைச் செல்லமாக 'விஷி' என்று கூப்பிடுகிறது. விஸ்வநாதன் அவருடைய அப்பா. அப்பா பெயர் முன்னால் நின்றதால் அதுதான் 'முதல் பெயர்' என்று எடுத்துக்கொண்டார்கள். வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகருக்கும் அப்பா பெயர்தான் முன்னால். ஆனால் அவருக்கு வழக்கம் சாதகமாக அமைந்தது. கடைசியில் நின்ற சொந்தப் பெயரே குடும்பப்பெயர் போல ஆனதால், 1999-இல் விண்ணுக்குப் போன தொலைநோக்கிக்கு 'சந்திரா' என்று அவர் பெயரே கிடைத்தது. இன்று நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் நாம் செய்வது நேர்மாறு: அப்பா பெயரைக் கடைசியில் வைக்கிறோம். விமான நிலையத்தில் என் மகளை அவள் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

பான் எண்ணைப் பற்றி ஒரு விவரம் சொல்கிறேன், எடுத்துப் பாருங்கள். பத்து இடங்கள் கொண்ட அந்த எண்ணில் ஐந்தாவதாக இருப்பது உங்கள் குடும்பப்பெயரின் முதலெழுத்து. குடும்பப்பெயர் இல்லாத நமக்கு, விண்ணப்பத்தில் அந்த இடத்தில் எதை எழுதினோமோ அதன் முதலெழுத்து. என் எண்ணில் அங்கே 'ஜி' இருக்கிறது. அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. வரி கட்டும் ஒவ்வொரு தடவையும் அவர் எழுத்தையும் சேர்த்துத்தான் அடிக்கிறேன்.

பாஸ்போர்ட்டில் இன்னும் இறுக்கம். படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரி, அம்புக்குறிகளாக ஓடும் பாருங்கள், அது இயந்திரம் படிப்பதற்கு. வரிக்கு 44 இடம். முதல் வரியில் ஐந்து இடம் ஆவண வகைக்கும் நாட்டுக்கும் போக, மீதி 39-இல் முதலில் குடும்பப்பெயர், பிறகு இரண்டு அம்புக்குறி, பிறகு இட்ட பெயர். உலகம் முழுக்க ஒரே அச்சு. சரிபார்க்கும் மென்பொருள் பாஸ்போர்ட்டில் படிப்பது பெரும்பாலும் இந்த வரியைத்தான். இதில் கிடைக்கும் எழுத்துகளை உங்கள் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளோடு வைத்துப் பார்க்கும். எத்தனை எழுத்து வேறுபடுகிறது என்று எண்ணும். ஓர் அளவுக்கு மேல் போனால் மறுக்கும். செல்ஃபியை வைத்து முகத்தையும் பார்க்கும்தான். ஆனால் முகம் பொருந்தியும் பெயர் பொருந்தாவிட்டால் முகத்துக்கு மதிப்பில்லை. 'ழ'வுக்கு 'எல்' போட்டவரும் 'இசட் எச்' போட்டவரும் அதற்கு இரண்டு பேர்.

ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பட்ட பாட்டை இங்கே பலரும் அறிவோம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்றது. சில நாளில், இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயராக நகர்த்திவிட்டு, இட்ட பெயர் இருக்கும் இடத்தில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமான மூன்று எழுத்தைப் போடுகிறார்கள். அம்மா ஆசையாக வைத்த பெயர் கையில் இருக்கும்போதே, தெரியவில்லை என்று ஒரு முத்திரை.

மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் என் பெரியம்மா மகனுக்கு வேறு விதம். அங்கே தமிழர்களின் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் 'ஏ/எல்' என்று இருக்கும். இன்னார் மகன் என்பதற்கான மலாய்ச் சொற்களின் சுருக்கம். பெண்களுக்கு 'ஏ/பி'. அண்ணன் சொல்வது: "பேரு பெரச்சினை இல்ல தங்கச்சி, நடுவுல இருக்குற அந்தச் சாய்வுக்கோடுதான் பெரச்சினை." அரசு அட்டையில் சட்டப்படி இருக்கும் அந்தக் கோட்டைப் பல படிவங்கள் 'செல்லாத குறியீடு' என்று தள்ளுகின்றன. கோட்டை எடுத்துவிட்டுப் பதிந்தால், அட்டையோடு பொருந்தவில்லை. கனடாவுக்குப் போன இலங்கைத் தமிழர் வீடுகளில் தாத்தாவின் இட்ட பெயர் பேரப்பிள்ளைகளுக்கு நிரந்தரக் குடும்பப்பெயராகியிருக்கிறது. எங்கே போனாலும் பெயரை அந்த ஊர்க் கட்டத்துக்குத் தக்க நறுக்கியிருக்கிறோம்.

என் அப்பா கிராமத்தில் தபால்காரர். அவர் சுற்றில் நான்கு மாரியப்பன்கள் இருந்தார்கள். கோ. மாரியப்பன், சி. மாரியப்பன் என்று தலைப்பெழுத்து இருந்தால் அதை வைத்துப் பிரிப்பார். இல்லாவிட்டால் எங்கிருந்து வந்திருக்கிறது, யார் கையெழுத்து என்று பார்ப்பார். மணியார்டர் வந்தால் ஆளைப் பார்க்காமல் கொடுக்க மாட்டார். எழுதத் தெரியாதவர்கள் ரேகை வைத்தால் பக்கத்தில் இருப்பவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் சரிபார்ப்புதான். பணம் சம்பந்தப்பட்டது என்பதால் கண்டிப்பான சரிபார்ப்பு. ஆனால் அவர் சரிபார்த்தது ஆளை. உறையில் 'மாரியப்பன்' என்றும் ஊரில் 'சின்னத்தம்பி' என்றும் இருந்தால், இரண்டும் ஒரே ஆள் என்பது அவருக்கும் தெரியும், சாட்சிக்கும் தெரியும்.

அரசாங்கத் தாள்களும் இதை அறியாமல் இல்லை. பழைய நிலப் பத்திரம் எதையாவது எடுத்துப் பாருங்கள். 'மாரியப்பன் என்கிற சின்னத்தம்பி' என்று எழுதியிருக்கும். ஓர் ஆளுக்கு இரண்டு பெயர் இருக்கலாம், இரண்டும் பொய் இல்லை என்பதை அந்த ஒரு சொல்லில் முடித்திருக்கிறார்கள். நீதிமன்றத்திலும் அது செல்லும், பதிவுத்துறையிலும் செல்லும். இணையப் படிவங்களில் இல்லாதது அந்த 'என்கிற'தான்.

இதை வெறும் எழுத்துப்பிழைச் சிக்கலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2011-இல் சல்மான் ருஷ்டியின் ஃபேஸ்புக் கணக்கை முடக்கினார்கள். பாஸ்போர்ட்டை அனுப்பினார். அதில் முதலில் இருந்த பெயர் அகமது. ஆகவே கணக்கை 'அகமது ருஷ்டி' என்று மாற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பெயரில் அவரை யாரும் அழைத்ததில்லை, புத்தகங்களில் இருப்பதும் அந்தப் பெயர் இல்லை. அவர் ட்விட்டரில் கேட்ட பிறகு சல்மான் திரும்பி வந்தது. உலகமே அறிந்தவர் என்பதால் வந்தது. 2014-இல் சான் பிரான்சிஸ்கோவில் பெண்வேடக் கலைஞர்களின் கணக்குகள் முடக்கப்பட்டபோது அவர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். அந்த அக்டோபரில் ஃபேஸ்புக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. கூகுள் பிளஸ் 2011-இல் உண்மைப் பெயர் கட்டாயம் என்று தொடங்கி, மூன்று வருடம் சண்டை பார்த்துவிட்டு 2014-இல் அந்த விதியையே கைவிட்டது.

நமக்குத் தெரிந்த பெயர்களை நினைத்துப் பார்க்கிறேன். எஸ். ரங்கராஜன் தன் மனைவி பெயரான சுஜாதாவை வைத்துக்கொண்டு எழுதினார். சொ. விருத்தாசலம் என்று சொன்னால் எத்தனை பேருக்குப் புதுமைப்பித்தன் நினைவுக்கு வருவார்? இவர்களுக்காவது புனைபெயர் ஒரு வசதி. கவிஞர் சல்மாவுக்கு அது மூச்சு. புகுந்த வீட்டில் எழுதக் கூடாது என்ற நிலையில் அவர் ஒளித்து எழுதினார்; அவர் அம்மா அந்தத் தாள்களை வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தார். சல்மா என்ற பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று வீட்டுக்குத் தெரியாமல் இருந்ததால்தான் கவிதை வெளியே வந்தது. அன்று யாராவது 'அட்டையில் இருக்கும் பெயரைப் போட்டால்தான் அச்சிடுவோம்' என்று சொல்லியிருந்தால் தமிழுக்கு ஒரு கவிஞர் கிடைத்திருக்க மாட்டார். 2025-இல் அவர் மாநிலங்களவை உறுப்பினரானார். இன்றும் எல்லோருக்கும் அவர் சல்மாதான்.

அதனால் என் நிலைப்பாடு இது. வேலைக்கும் பணத்துக்கும் ஆளைச் சரிபார்ப்பது நியாயம், தேவையும்கூட. பேசுவதற்கும் எழுதுவதற்கும் அட்டை கேட்பது நியாயமில்லை. தென்கொரியா அதைச் செய்து பார்த்தது. 2007-இல் பெரிய தளங்களில் எழுத அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினார்கள். 2011-இல் அங்கே ஒரே தாக்குதலில் சுமார் மூன்றரைக் கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தை நீக்கியது. நம் நாட்டில் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பதிவு பெற்றவர்கள் இருக்கும் சமூக ஊடகங்கள் சரிபார்ப்பு வசதியைத் தர வேண்டும் என்கின்றன. அது விரும்புகிறவர்களுக்கு மட்டும். அந்த 'விரும்புகிறவர்களுக்கு' என்ற சொல்லை யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். இ-சேவை மையத்தில் இருக்கும் பெண் என் ஆதாரைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஆதார்ல பேரை வாழ்நாள்ல ரெண்டே தடவைதான் மாத்தலாம். அவசரப்பட்டு ஒண்ணை வீணாக்கிடாதீங்க" என்றாள். நல்ல யோசனை. வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட்தான் எனக்கு நிலையான ஆவணம். மற்றவற்றை அதற்கு இணையாகக் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன். தளத்துக்கு எழுதினேன். பானும் பாஸ்போர்ட்டும் பள்ளிச் சான்றிதழும் ஒரே ஆளுடையவை என்று விளக்கி, என் பெயர் எப்படி அமைந்தது என்று ஒரு பக்கம் எழுதினேன். எட்டாவது நாள் ஒரு மனிதர் பதில் போட்டார். கணக்குப் பெயரைப் பாஸ்போர்ட்டில் இருக்கும்படி மாற்றினார். ஒன்பதாவது நாள் சரிபார்ப்பு முடிந்தது. அந்த ஒன்பது நாளில் கைக்கு வந்திருந்த ஒரு வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

இப்போது அந்தப் பக்கத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி இருக்கிறது. பெயரில் 'ழ' இருக்கிறது, அப்பா இருக்கிறார்.

நீங்கள் இதில் இறங்குவதாக இருந்தால் சிலவற்றைச் சொல்கிறேன். தளத்தின் உள்ளே போய் நீங்களாகத் தொடங்கும் சரிபார்ப்பை மட்டும் நம்புங்கள்; 'உங்கள் பெயரைச் சரிபார்க்கிறோம், ஓடிபி சொல்லுங்கள்' என்று ஃபோனில் வருகிறவர் திருடர். ஆதாரைத் தந்துதான் ஆக வேண்டும் என்று சொன்னால் வேறு ஆவணம் ஏற்பார்களா என்று கேளுங்கள். 2018 செப்டம்பர் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட பகுதியை நீக்கியது. பிறகு வந்த திருத்தத்திலும் அது நீங்களாக முன்வந்து தருவதுதான். நகல் தரவேண்டி வந்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் இருக்கிறது, அதைக் கொடுங்கள். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இன்னொன்று: கல்யாணம் ஆனதும் தலைப்பெழுத்தை மாற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை. என் நான்கு பெயர்ச் சிக்கலில் பாதி அங்கேதான் தொடங்கியது.

கடைசியாக, இந்தப் படிவங்களை எழுதுகிறவர்களிடம் ஒரு வார்த்தை. உங்களில் எத்தனையோ பேர் சோழிங்கநல்லூரிலும் கோயம்புத்தூரிலும் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் அப்பா பெயரும் ஓர் எழுத்தாகத்தான் உங்கள் முன்னால் நிற்கிறது. பிரிட்டன் அரசின் வடிவமைப்புக் கையேடும், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும், எல்லோர் பெயரும் இரண்டு கட்டத்தில் அடங்காது, ஒரே கட்டம் போதுமா என்று யோசியுங்கள் என்று எப்போதோ எழுதிவைத்திருக்கின்றன. அடுத்த படிவம் உங்கள் திரைக்கு வரும்போது 'முழுப்பெயர்' என்று ஒரே கட்டம் வையுங்கள். ஓரெழுத்தை ஏற்கச் செய்யுங்கள். சாய்வுக்கோட்டையும் புள்ளியையும் உள்ளே விடுங்கள். அதன் கீழே 'என்கிற' என்று இன்னொரு கட்டம், நிரப்பினாலும் நிரப்பாவிட்டாலும் சரி என்று, ஒன்று வையுங்கள்.